கழிவு

ஆறு மணி ஆக இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
ஹந்தானை லயத்திலிருந்து இறங்குகிறேன்.
மேலே சால்வை தேவைப்படவில்லை.
நானூறு படி தாண்டியதும்
காது மடல் குளிர்கிறது.

தை மாதத்தில் மலை இப்படித்தான்
தலைகீழாக நிற்கும்.
ஏற ஏறக் குளிரும் என்று
புத்தகத்தில் படித்தவர்கள்
ஒருநாள் என்னோடு இந்தப் படியில் இறங்கட்டும்.
இரவெல்லாம் சரிவுகள் தம் சூட்டை
வானத்துக்குக் கொடுத்துவிட,
குளிர்ந்த காற்று கனத்துப்போய்
கானோடு கானாக வழிந்து
கண்டிக்குள் தேங்குகிறது.
அதன்மேல் வெதுவெதுப்பாய் இன்னொரு காற்று
சோற்றுப்பானை மூடிபோல
அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

மூடிக்கு மேலே நின்றால்
பைரவகந்தைப் புத்தரின் தோள் தெரியும்.
கீழே
மணிக்கூட்டுக் கோபுரம் இல்லை, வாவி இல்லை,
பால் திரிந்த மாதிரி ஒரு வெள்ளை.
உள்ளிருந்து முதல் பஸ் இருமுவது மட்டும் கேட்கும்.

அரசர்கள் தேடிப் பிடித்த பள்ளமாம் இது.
சுற்றிலும் மலை, மலையைச் சுற்றி ஆறு,
பரங்கி உள்ளே வரமுடியாதென்று.
சரிதான்.
வெளியே போகவும் முடியாதென்பதை
அன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.
போவதற்கு என்ன இருந்தது அப்போது,
அடுப்புப் புகையும் சாம்பிராணியும்.

என் வேலை மொட்டைமாடியில்.
ஒரு தகரப் பெட்டி நாள் முழுக்க
காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.
அதன் வாயில் வட்டமாய் ஒரு வெள்ளைக் காகிதம்.
நேற்றையதை எடுத்து இன்றையதை வைப்பேன்.
ஞாயிறென்றால் வெளிறிய சாயத்தண்ணி நிறம்.
பள்ளிக்கூட நாளில்
டஸ்ட் நம்பர் ஒன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு.
மூச்சை அடக்கித்தான் நிறுக்க வேண்டும்,
மூச்சுக்கும் எடை உண்டு அதற்கு.
அழுக்குக் காகிதத்தின் எடையில்
வெள்ளைக் காகிதத்தின் எடையைக் கழி.
மிச்சம் ஊர்.

அம்மா கொழுந்து நிறுத்த நாட்களில்
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
கேட்காமலே இன்னும் ஒன்று
கழித்தார்கள்.
நான் கூடுதலாய் எதையும் கழிப்பதில்லை.
ஐந்தாம் தசமம் வரை எழுதுகிறேன்.
சமிந்த மாத்தயா ரெஜிஸ்டரைப் பார்க்காமல்
"ஹரி" என்று கையெழுத்திடுவார்.

போன கிழமை சந்திரபோஸைப் பிடித்தேன்.
என் தம்பி. வேன் ஓட்டுகிறான்,
பன்னிரண்டு பிள்ளைகள், நாலு பள்ளிக்கூடம்.
"கேட்டடியில எஞ்சின நிப்பாட்டினா என்ன?"
"நிப்பாட்டினா மறுபடி ஸ்டார்ட்டாகாதுக்கா.
தள்ள நீ வாறியா?"
பின்சீட்டில் ஒரு சின்னப்பெண்
கண்ணாடியில் மூச்சு ஊதி
மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

அவனைச் சொல்லி என்ன.
நேற்று இரவு ஒன்பது மணிக்கு
கவ்வாத்து மிலாறு ஈரம், ஊதி ஊதி
ரொட்டி சுட்டது நான்.
புகை மேலே போகும் என்றுதான்
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கூரையடியில் கொஞ்சநேரம் தயங்கிவிட்டு
தேயிலைச் செடிகளுக்கு மேலால்
முழங்கால் உயரத்தில்
மெல்ல இறங்கிப்போனது,
நான் காலையில் போகும் அதே வழியில்,
எனக்கு முன்னமே வேலைக்கு.

பத்து மணிக்கு வெயில் பள்ளத்தின் அடிவரை எட்டும்.
தரை சுடும். மூடி ஒருபக்கமாய்த் தூக்கும்.
வாவி தெரியும், பிறகு வாவியில் ஒரு கொக்கு.
"பனி கலைஞ்சிடுச்சி" என்பார்
எங்கள் வாசலில் லொத்தர் விற்கும் முத்துராக்கு.
பனி என்றுதான் சொல்வார்.
நானும் திருத்தியதில்லை.
டிக்கெட்டுகளில் படிந்ததைக்
கட்டைவிரலால் துடைத்துவிட்டு,
"இன்னைக்கு எண்பது லெச்சம்" என்கிறார்,
இருமலுக்கு நடுவில்.